புது ஜிம் மாஸ்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை: ஓர் ஆளுக்குப் புரோகிராம் எழுதுவது எப்படி?

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அம்மாபேட்டை வரை இப்போது தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. அவற்றில் புதிதாக டிரெய்னர் வேலைக்குச் சேரும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் போட்டு வைக்கிறேன். ஸ்குவாட் எப்படிச் செய்வது, பெஞ்ச் பிரஸ்ஸில் முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்காது. ஓர் ஆளுக்கு எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

"சர்டிஃபிகேட் வாங்கிட்டேன். முதல் ஆள் வந்து நிக்கிறாரு. எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது?"

பேச்சிலிருந்து. ட்ரெட்மில்லில் ஏற்றிவிடுவதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் உட்கார வையுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன மாத்திரை போடுகிறார், எந்த மூட்டு வலிக்கிறது, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, நெஞ்சுவலியோ மயக்கமோ வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியில், வாரத்தில் எத்தனை நாள் வர முடியும் என்று கேளுங்கள். "டெய்லி வந்துடுவேன் மாஸ்டர்" என்பார். தலையாட்டிவிட்டு நோட்டில் மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு உடம்பைப் பாருங்கள். வெறும் உடம்போடு ஒரு ஸ்குவாட், சுவரில் கை வைத்து ஒரு தண்டால், தரையிலிருந்து ஒரு குச்சியைக் குனிந்து எடுப்பது, இரண்டு கையையும் தலைக்கு மேல் நேராகத் தூக்குவது, ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது. இவ்வளவு போதும், முதல் மாதத்தில் எதை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பாதி தெரிந்துவிடும். நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று சொன்னால், டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் புரோகிராம். ஓனர் அவசரப்படுத்தினாலும் இதில் அசையாதீர்கள்.

"வெயிட் பாத்தா போதாதா? வேற என்ன அளக்கணும்?"

எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் மூன்றும் வேண்டும். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்றுதான் நம் டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் வெளிநாட்டு சார்ட்டில் 25, 30 என்று இருக்கும். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கையில் மாட்டிப் பார்க்கும் பிபி மெஷின் ஒன்றை ஜிம்மில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காசில் இன்னொரு கண்ணாடி மாட்டுவதைவிட இது உபயோகம்.

உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷினை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தண்ணீர் குடித்தால் ஒரு எண், குடிக்காவிட்டால் ஒரு எண் காட்டும்.

"திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்னு பிரிச்சுக் கொடுக்கறதா, இல்ல முழு உடம்பா?"

புதிதாக வருபவருக்கு முழு உடம்பு, வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்பது போட்டிக்கு உடம்பு ஏற்றுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் பிரிவு. நம்மிடம் வருபவர் வாரத்தில் ஒரு நாள் நிச்சயம் லீவு போடுவார். அது கால் செய்யும் நாளாக இருந்தால் அந்த வாரம் முழுக்கக் காலுக்கு வேலையே இல்லை. முழு உடம்பு முறையில் ஒரு நாள் தவறினாலும் எல்லாப் பாகமும் இரண்டு முறை வேலை பார்த்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்குவாட்டை வாரத்துக்கு ஒரு முறை செய்தால் ஆறு மாதம் ஆனாலும் பழகாது. மூன்று முறை செய்தால் ஒரு மாதத்தில் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வாரம் நான்கு நாள் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு மேலுடம்பு இரண்டு நாள், கீழுடம்பு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

"ஒரு நாளைக்கு எத்தனை எக்சர்சைஸ் வைக்கணும்? நான் பன்னெண்டு எழுதிருக்கேன்."

ஐந்து அல்லது ஆறு. மிஷின்களை எண்ணி எழுதாதீர்கள், அசைவுகளை எண்ணி எழுதுங்கள். உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, பாரத்தைக் கையில் பிடித்து நடப்பது, வயிற்றை இறுக்கி நிற்பது. இந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்சர்சைஸ் போட்டால் பட்டியல் முடிந்தது.

நாற்பது வயது துணிக்கடை வியாபாரி ஒருவருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: நெஞ்சோடு ஒரு டம்பெல்லைப் பிடித்து பெஞ்சில் உட்கார்ந்து எழுவது, டம்பெல்லில் ருமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து எழுவது), பெஞ்சில் கை வைத்துத் தண்டால், கேபிளில் லாட் புல்டவுன் (மேலே இருக்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது), இரண்டு கையிலும் டம்பெல்லோடு ஜிம்மின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடை, பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). வார்ம்அப்போடு சேர்த்து ஐம்பது நிமிடம். கடைசியில் பைசெப்ஸுக்கு இரண்டு செட் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே வருபவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பே இல்லை.

"செட், ரெப், ரெஸ்ட் எல்லாம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?"

ஒரு அசைவை ஒரு தடவை செய்வது ஒரு ரெப், ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். முதல் மாதம் இரண்டு செட், பிறகு மூன்று. பெரிய எக்சர்சைஸுக்கு 8 முதல் 12 ரெப், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. கைக்கும் கெண்டைக்காலுக்கும் 12 முதல் 15, ஒரு நிமிட ஓய்வு. தசை வளர்வதற்கு இந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஐந்து ரெப்பிலும் வளரும், முப்பதிலும் வளரும், கடைசி ரெப்கள் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தால். புதியவருக்கு 8 முதல் 12 என்று வைப்பது, பாரம் ரொம்ப ஏறாமலும் களைப்பில் ஃபார்ம் கெடாமலும் இருப்பதற்குத்தான்.

ஓய்வைக் குறைத்து மூச்சு வாங்க வைத்தால் நல்ல ஒர்க்அவுட் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் நுரையீரல்தான் முதலில் களைக்கும், தசை களைக்காது. மூச்சுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற கார்டியோவைத் தனியாக வையுங்கள்.

"எந்த வெயிட்ல ஆரம்பிக்கிறது? மேக்ஸ் டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமா?"

வேண்டவே வேண்டாம். பழகாத உடம்பில் அதிகபட்ச பாரத்தைச் சோதித்தால் அந்த எண்ணும் பொய், முதுகும் போகும். ஒரு பாரத்தைக் கொடுத்துப் பத்து ரெப் செய்யச் சொல்லிவிட்டு, "இன்னும் எத்தனை முடியுங்க?" என்று கேளுங்கள். மூன்று என்றால் சரியான பாரம். ஆறேழு என்றால் குறைவு. ஒன்றுகூட முடியாது என்றால் அதிகம்.

ஆரம்பத்தில் எல்லோரும் தப்பாகத்தான் சொல்வார்கள். "இன்னும் மூணு" என்பவர் எட்டு செய்வார். அதனால் வாயை மட்டும் நம்பாமல் வேகத்தையும் பாருங்கள். பாரம் மேலே போகும் வேகம் தானாகக் குறைய ஆரம்பித்தால் எல்லை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

"வெயிட்டை எப்ப ஏத்தறது? வாரா வாரம் ஏத்தணுமா?"

இதற்கு ஒரு சுலபமான முறை இருக்கிறது. 8 முதல் 12 என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா செட்டிலும் 12 வரும் வரை பாரம் மாறாது. வந்த அடுத்த நாள் பாரத்தை ஒரு படி ஏற்றுங்கள், ரெப் 8-க்கோ 9-க்கோ இறங்கும். மறுபடி 12-க்கு ஏறட்டும். இதில் நீங்கள் முடிவெடுக்க எதுவுமே இல்லை, நோட்டுதான் முடிவெடுக்கிறது. அதனால்தான் நோட்டு இல்லாத ஆளுக்கு நான் புரோகிராம் எழுதுவதில்லை. தேதி, பாரம், ரெப், தூக்கம் எப்படி என்று ஒரு வார்த்தை. நாற்பது பக்க நோட்டு போதும்.

பாரத்தைப் படிப்படியாக ஏற்றும் இந்த யோசனையை 1940-களில் மருத்துவ முறையாக்கியவர் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். போரில் அடிபட்ட சிப்பாய்களின் காலைத் தேற்றுவதற்காகச் செய்தார். அதாவது பலவீனமான ஆளுக்காகப் பிறந்த முறை இது. மேலுடம்புக்கு ஒரு படி என்பது ஒன்று அல்லது இரண்டரை கிலோதான். நம் ஜிம்களில் 1.25 கிலோ பிளேட் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், தேடி எடுத்து வையுங்கள்.

"மறுநாள் நடக்க முடியலன்னா நல்லா வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லை. பழகாத வேலையைச் செய்தால் வலிக்கும், அவ்வளவுதான். அது 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். முதல் நாளே படி இறங்க முடியாமல் ஒருவரைச் செய்துவிட்டால் அவர் இரண்டாம் நாள் வரமாட்டார். வேறு ஜிம்மில் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

தசை கல் மாதிரி வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை, உடனே ஆஸ்பத்திரி. நூறு, இருநூறு பஸ்கி என்று பந்தயம் வைக்கும் இடங்களில் இது நடக்கும்.

"செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கவரு. முதுகு வலி, கழுத்து வலி. இவருக்கு என்ன எழுதறது?"

இந்தக் கேள்வி சேலத்துக்கே உரியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெள்ளிப் பட்டறையில் சம்மணம் போட்டுக் குனிந்து, பொடி வேலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்காகப் பார்க்கிறவர் அவர். அம்மாபேட்டைத் தறிக்காரர்களும் கிட்டத்தட்ட இதே நிலைதான். இவர்களுக்கு விரலிலும் முன்கையிலும் பலம் இருக்கும், சம்மணம் போட்டுப் பழகியதால் இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் நன்றாக விரியும். இல்லாதது மேல்முதுகின் பலமும், பின்பக்கத் தொடையின் பலமும், கையைத் தலைக்கு மேல் தூக்கும் இடமும்.

ஆகவே தள்ளுவது ஒரு பங்கு, இழுப்பது இரண்டு பங்கு. வயிற்றை நோக்கி இழுக்கும் கேபிள் ரோ, லாட் புல்டவுன், முகத்தை நோக்கி இழுக்கும் ஃபேஸ் புல். தோளுக்கு மேல் பார்பெல் தூக்குவதை முதல் இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். அதற்குப் பதில் கீழிருந்து மேலே சாய்வாகத் தள்ளும் லேண்ட்மைன் பிரஸ். ருமேனியன் டெட்லிஃப்ட் ரொம்ப லேசாக ஆரம்பித்து, அதையே முக்கியமான எக்சர்சைஸாக வளர்த்துக்கொண்டு போங்கள். "முதுகு வலிக்குதே, குனியலாமா?" என்பார். குனிந்தே பிழைக்கிற மனிதர், குனிவதற்கு வேண்டிய பலத்தைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் வலி காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால், முதலில் டாக்டர்.

ஜிம்முக்கு வெளியே ஒன்று எழுதிக் கொடுங்கள்: முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று, கையை மேலே தூக்கிப் பத்து மூச்சு. வாரம் மூன்று மணி நேரம் நம்மிடம் இருப்பவர் அறுபது மணி நேரம் பட்டறையில் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

"ஸ்டீல் பிளான்ட்ல ஷிப்ட் போறவரு. ஒரு வாரம் காலையில, ஒரு வாரம் நைட்டு. கிழமை போட்டு எழுதவே முடியல மாஸ்டர்."

கிழமையே போடாதீர்கள். ஏ, பி என்று இரண்டு முழு உடம்பு செஷன் எழுதிக் கொடுங்கள். எப்போது வந்தாலும் போன தடவை ஏ என்றால் இன்றைக்கு பி. நைட் ஷிப்ட் வாரத்தில் ஒவ்வொரு எக்சர்சைஸிலும் ஒரு செட் குறைப்பது என்று முன்கூட்டியே நோட்டில் எழுதிவிடுங்கள். அப்போது குறைத்துச் செய்வதும் புரோகிராமில் ஒரு பகுதியாகிவிடும், தோற்றுப்போன மாதிரி இருக்காது. ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்தவருக்கு அன்றைக்கு கனமான ஸ்குவாட் கிடையாது.

"பொம்பளைங்களுக்குத் தனி புரோகிராம் இருக்கா?"

இல்லை. அதே ஆறு அசைவு, அதே ஏற்றும் முறை. வெயிட் தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. அவ்வளவு சுலபமாகத் தசை வந்துவிடுமென்றால் நம் பையன்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள்? மாதவிடாய் நாட்களில் முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் குறைக்கலாம், அதை அவர்கள் முடிவு செய்யட்டும். கர்ப்பமாக இருந்தாலும், பிரசவம் ஆகிச் சில மாதமே ஆகியிருந்தாலும் டாக்டரின் சம்மதம் கட்டாயம். தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஆணாக இருந்தாலும் இதே பழக்கம் நல்லதுதான்.

"சுகர், பிபி ரெண்டும் இருக்கு, மாத்திரை போடறாரு. பயமா இருக்கு."

பயம் நல்லது, ஆனால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இவருக்குத்தான் நம்மால் உபகாரம் அதிகம். டாக்டர் சரி என்றதும் வாரம் இரண்டு மூன்று நாள் மேலே சொன்ன முழு உடம்பு முறை, மீதி நாட்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சடாரென்று இறங்கலாம். வந்ததும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சோர்வாக இருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரை மூன்று நான்கு ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108. காலில் புண் இருக்கிறதா, ஷூ போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். செருப்போடு ட்ரெட்மில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள்.

பிபி அன்றைக்கு 180/110-க்கு மேல் காட்டினால் பயிற்சி இல்லை, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கவிடாதீர்கள். தூக்கும்போது மூச்சை விட வேண்டும். அட்டெனோலால், மெட்டோபிரோலால் போடுபவர்களுக்கு இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் துடிப்பின் உச்சத்தைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களிடம் செல்லாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அந்த அளவு போதும்.

"ஒரு கால் போலியோல பாதிச்சவரு சேரணுங்கறாரு. சேர்த்துக்கலாமா?"

தாராளமாக. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு நம் மாவட்டத்துக்காரர்தான். சிறுவயதில் விபத்தில் வலது கால் சிதைந்தும் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். பலமான காலுக்கும் பலவீனமான காலுக்கும் தனித்தனி பாரம், தனித்தனிக் கணக்கு. நின்று செய்வதில் தடுமாறினால் உட்கார்ந்து செய்யும் வகையை எடுங்கள். அவருக்கு எது முடியும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"தொப்பை மட்டும் கொறையணும்னு வர்றாங்க. எத்தனை கிரஞ்ச் கொடுக்கறது?"

எத்தனை கொடுத்தாலும் தொப்பை மட்டும் தனியாகக் குறையாது. கொழுப்பு எங்கிருந்து கரைய வேண்டும் என்று உடம்புதான் முடிவு செய்யும். அதே புரோகிராம், அதோடு நடை, அதோடு சாப்பாட்டில் ஒரு மாற்றம். நான் முதலில் கேட்பது சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன சாப்பிடுகிறார் என்பதுதான். நம் ஊரில் தட்டுவடை செட்டைத் தாண்டி வீட்டுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். தினமும் என்பதை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கினாலே இடுப்பு அளவில் தெரியும்.

புரதம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். தசைக்காகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, மீன், கோழி, பயறு, பால், சோயா என்று அவர் வீட்டில் சமைப்பதிலிருந்தே கூட்டச் சொல்லுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவருக்கு இதில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது.

"போலீஸ் செலக்‌ஷனுக்குப் பையனுங்க வர்றாங்க. ரெண்டு மாசம்தான் இருக்கு."

அவர்களை பாடி பில்டர் ஆக்காதீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதில் தோற்றால் மற்றதற்கு வாய்ப்பே இல்லை. 7 நிமிடம் என்றால் 400 மீட்டருக்கு 112 நொடி. வாரத்தில் ஒரு நாள் 105 நொடி வேகத்தில் ஐந்து முறை 400 மீட்டர், இடையில் இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அரை மணி நேரம். ஒரு நாள் 800 மீட்டர் இரண்டு முறை. ஓட்டத்தைக் காந்தி ஸ்டேடியம் மாதிரி அளந்த தடத்தில் வையுங்கள். ட்ரெட்மில் எண்ணை நம்பிப் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

ஜிம்மில் வாரம் இரண்டு நாள் மட்டும்: புல்அப், தொங்கிக்கொண்டு இருப்பது, ரோ, ஏனென்றால் கயிறு ஏற வேண்டும், ஸ்குவாட்டும் தாவலும், ஏனென்றால் நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். வேக ஓட்டத்துக்கு முந்தின நாள் கால் பயிற்சி வேண்டாம். கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

"ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்ல வேலை கெடைச்சிருக்கு. மிஷினே இல்ல. வர்றவங்களும் ரெண்டு நாள்தான் இருப்பாங்க."

இரண்டு நாளில் யாருக்கும் பலம் வராது, பழக்கம் ஒன்றைக் கொடுத்து அனுப்பலாம். தண்டால், பெஞ்சில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பேண்டில் ரோ, பை தூக்கி நடப்பது. மலைப்பாதையே உங்கள் ட்ரெட்மில். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் மூச்சு வாங்கும், மேலே சொன்ன பேச்சு அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எச்சரிக்கை வேண்டும். இறங்கும்போது தொடை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, மறுநாள் வலி முழுக்க அதனால்தான். கீழே இருந்து மலை நடைக்கு வர நினைப்பவர்களுக்கு, ஒரு மாதம் முன்பே படியிலிருந்து மெதுவாக இறங்கும் ஸ்டெப்டவுனை வாரம் இரண்டு முறை எழுதிக் கொடுங்கள். முட்டி நன்றி சொல்லும்.

"சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ எப்படிச் செய்ய வைக்கிறது?"

காலை எட்டு மணிக்குள் அல்லது இருட்டிய பிறகு. வெயில் 40 டிகிரியைத் தொடும் வாரங்களில் ஒரு செட் குறைத்து ஓய்வைக் கூட்டுங்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும், அதனால் மே மாதம் புதிதாகச் சேருபவர்களை மெதுவாக ஏற்றுங்கள்.

"ஆடிப் பண்டிகைன்னு ரெண்டு வாரம் வரல. இப்ப வந்து பழைய வெயிட்டே போடறேங்கறாரு."

இரண்டு வாரத்தில் பலம் பெரிதாகக் குறையாது, ஆனால் வலி முதல் நாள் மாதிரி வரும். ஒரு வாரம் பாரத்தைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்து, செட்டையும் இரண்டாகக் குறையுங்கள். மாரியம்மன் பண்டிகைக்கு சேலத்தில் யாரும் வரமாட்டார்கள் என்பது ஜனவரியிலேயே தெரிந்த விஷயம்தானே? அந்த வாரத்தை ஓய்வு வாரமாகப் புரோகிராமிலேயே போட்டுவிடுங்கள்.

"மூணு மாசத்துல உடம்பு வரணும், ஊசி ஏதாவது சொல்லுங்கன்னு கேக்கறாரு. நான் சொல்லலன்னா வேற மாஸ்டர்கிட்ட போயிடுவாரு."

போகட்டும். ஸ்டீராய்டு ஊசியால் இதயமும் ஈரலும் விந்தணு உற்பத்தியும் கெடும். மருந்து எழுதிக் கொடுக்க நமக்கு உரிமையும் இல்லை. யாரிடம் கிடைக்கும் என்று கைகாட்டிவிடுவதும் இதில்தான் சேரும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் திட்டாமல் கேளுங்கள், டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன். மூணு மாசமாச்சு, ஒரு மாற்றமும் இல்லைங்கறாரு. புரோகிராமை மாத்திடட்டுமா?"

முதலில் நோட்டைத் திறங்கள். எத்தனை நாள் வந்திருக்கிறார்? மூன்று மாதத்துக்கு முப்பத்தாறு செஷன் எழுதியிருந்தீர்கள். பதினைந்துதான் வந்திருந்தால் குறை புரோகிராமில் இல்லை, நாள் கணக்கில். இரண்டு நாள் புரோகிராமாகச் சுருக்கிக் கொடுங்கள். ஒழுங்காக வந்திருக்கிறார், ஆனால் பாரமும் ரெப்பும் ஏறவே இல்லை என்றால் கடைசி ரெப்கள் கஷ்டமாக இருந்தனவா, தூக்கம் எப்படி என்று பாருங்கள். பாரம் ஏறியிருக்கிறது, எடை மட்டும் குறையவில்லை என்றால் இடுப்பை அளந்து பாருங்கள். பல சமயம் அங்கே மாற்றம் தெரியும். அங்கேயும் இல்லை என்றால் பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு செட் கூட்டுவது, அல்லது ஒரு எக்சர்சைஸை அதே அசைவில் வேறொன்றாக்குவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மாற்றிய தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதி, ஆறு வாரம் கழித்து மறுபடி டேப்பை எடுங்கள்.